பிஸ்கட் டப்பாவில் ஆறு மாத்திரைகள்



இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். எழுந்து சென்று உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கும். அதனுள் காய்ச்சல் மாத்திரைகள் இரண்டு, அடியில் சிறிது தங்கிய இருமல் மருந்து, எப்போதோ யாருக்கோ டாக்டர் எழுதித் தந்ததில் மிஞ்சிய மாத்திரை அட்டை ஆகியவை கிடக்கும். "காசு கொடுத்து வாங்கியது, வீணாக்கலாகாது" என்று நாம் பத்திரப்படுத்தியவை அவை.

என் வீட்டிலும் அப்படியொரு டப்பா இருந்தது. அதிலிருந்த ஆறு மாத்திரைகளை என் கையாலேயே எடுத்துக் கொடுத்து, என் இளைய மகனை ஆபத்தின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், நான் செய்த அதே பிழையை நாளை நீங்களும் செய்ய நேரலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருத்தணி. மலைமேல் முருகன் கோயில். ஏறிச் செல்ல 365 படிகள். ஆந்திர எல்லை அருகிலேயே இருப்பதால் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் சரிசமமாகப் புழங்கும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் எங்கள் ஊர் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. என் கணவர் கடைத்தெருவில் சிறிய பழக்கடை வைத்திருக்கிறார். ஆடிக் கிருத்திகை வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம். தோளில் காவடியுடன் வரும் பக்தர்களால் தெருக்கள் நிறைந்துவிடும். அந்த ஒரு வார வியாபாரத்தைக் கொண்டுதான் ஆண்டு முழுவதும் ஏறிய கடனில் ஒரு பகுதியை நாங்கள் அடைப்பது வழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் உங்களுக்கு விளங்கும்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினான்கு வயதான என் மகன் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். முந்தைய இரவு உறவினர் வீட்டு விருந்தில் பிரியாணி உண்டிருந்தான். அஜீரணம் என்று எண்ணி ஓம நீர் கொடுத்தேன். மாலையில் வலி வயிற்றின் வலப்பக்க அடிப்பகுதிக்கு இறங்கியது. இரு முறை வாந்தி எடுத்தான். மேலும் சுட்டது. கணவர் கடையைப் பூட்டி வரும் வழியில் மருந்துக்கடையில் சொல்லி, வேளைக்கு நான்கு மாத்திரை வீதம் காகித உறைகளில் கட்டி வாங்கி வந்தார். டாக்டர் சீட்டு எதுவும் இல்லை; கடைக்காரர் கேட்கவுமில்லை. உறையில் என்னென்ன மாத்திரைகள் இருந்தன என்று நாங்களும் கேட்கவில்லை.

திங்கள் முழுவதும் பையன் சுருண்டு படுத்திருந்தான். செவ்வாய்க்கிழமை முற்பகல் திடீரென்று, "அம்மா, வலி குறைஞ்சிடுச்சு" என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டேன். மருந்து வேலை செய்துவிட்டது என்று கணவருக்குத் தொலைபேசியிலும் தெரிவித்தேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் மட்டும் மகிழவில்லை. எண்பது வயதை நெருங்குபவர். மெல்ல எழுந்து வந்து பேரனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயிறு பலகைபோல் இறுகியிருந்தது.

"அம்மாடி, வலி நின்னதை நம்பாதே. என் தம்பிக்கும் இப்படித்தான் நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரியே ஜன்னி கண்டுச்சு. மறுநாள் அஸருக்குள்ள போயிட்டான். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார்.

அந்தத் தம்பியின் கதையை அதற்குமுன் அவர் முழுமையாகச் சொன்னதில்லை. நகரிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தில், 1950களின் இறுதியில் நிகழ்ந்தது அது. கம்பவுண்டர் வந்து பென்சிலின் ஊசி போட்டார்; இரண்டு நாள் போட்டார். ஆனால் வயிற்றைத் திறக்க வல்ல மருத்துவர் இருந்த ஊருக்கு மாட்டு வண்டியில் செல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. மாமியாரின் சொல் எங்களை எழுப்பியது. அன்று மாலையே மாவட்டத்திலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு மகனைக் கொண்டு சேர்த்தோம்.

குடல்வால் வெடித்திருந்தது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புழுவைப்போல் தொங்கும் சிறு உறுப்பைத்தான் குடல்வால் என்கிறோம். அதன் வாய் அடைபட்டு உள்ளே கிருமிகள் பெருகினால் அது வீங்குகிறது. வீங்கியது அழுகி ஓட்டையாகிவிட்டால், இறுக்கம் தளர்வதால் வலி சிறிது நேரம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் அப்போதுதான் குடலின் கிருமிகள் வயிற்றறைக்குள் பரவத் தொடங்குகின்றன. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன நேரம், என் மகனின் வயிற்றுக்குள் சீழ் பரவிய நேரம்.

அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. குடல்வாலை அகற்றி, வயிற்றறையிலிருந்த சீழை உறிஞ்சியெடுத்தார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண்மணி. வெளியே வந்து, "பிள்ளை தப்பித்துக்கொண்டான் அம்மா. இன்னும் சில நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போட வேண்டும்" என்றார். செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் என்று இரண்டு மருந்துகள் குளுக்கோஸ் குழாய் வழியே ஏறின. நான் அருகில் அமர்ந்து ஒவ்வொரு பாட்டிலையும் துஆ ஓதியபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. மகன் இட்லி உண்டான். வராந்தாவில் நடந்தான். ஐந்தாம் நாள் மாலை டாக்டரம்மா, "இத்தோடு மருந்து போதும், நாளை வீட்டுக்குப் போகலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெடித்த குடலுக்கு ஐந்தே நாள் மருந்தா? பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், தன் உறவினருக்குப் பதினைந்து நாள் "பவரான ஊசி" போட்ட கதையை முன்தினம்தான் சொல்லியிருந்தார்.

"டாக்டரம்மா, செலவைப் பற்றி நினைக்காதீங்க. இன்னும் பத்து நாளைக்கு எழுதித் தாங்க" என்று கெஞ்சினேன்.

அவர் கோபிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து விளக்கினார். "அம்மா, இந்த நோயைக் குணப்படுத்தியது முதலில் கத்தி, பிறகுதான் மருந்து. அழுகியதை எடுத்தாயிற்று. மிச்சமிருந்த கிருமிகளைக் கொல்ல ஐந்து நாள் மருந்து தந்தாயிற்று. இன்னும் பத்து நாள் கொடுத்தால் பத்து நாள் பாதுகாப்பு அதிகம் என்று கணக்கில்லை. சிலருக்கு உள்ளே மறுபடியும் சீழ் கட்டும். அது மருந்து குறைந்ததால் மட்டும் வருவதில்லை. கட்டிவிட்டால் அதை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் நான் சொல்வதை மட்டும் நினைவில் வையுங்கள். காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, அடிக்கடி சளியோடு மலம் கழிதல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே இங்கே வாருங்கள். வீட்டில் எந்த மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்."

தலையாட்டினேன். மனம் மட்டும் ஒப்பவில்லை. "சிக்கனம் பார்க்கிறார்கள்" என்றே உள்ளூர எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாட்கள் நலமாகக் கழிந்தன. வெள்ளிக்கிழமை மாலை மகனின் நெற்றி இளஞ்சூடாக இருந்தது. அடிவயிறு கனக்கிறது என்றான். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கிருத்திகைக்கு இன்னும் மூன்றே நாட்கள். கணவர் கடன் வாங்கிச் சரக்கு இறக்கியிருந்தார். மருத்துவமனைச் செலவுக்கு வாங்கிய கைமாற்று வேறு. "காய்ச்சல்" என்று ஒரு சொல் சொன்னால் அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார். அது எனக்குத் தெரியும். "ஐந்து நாளில் நிறுத்தியதால்தான் இது, இன்னும் இரண்டு மூன்று நாள் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்" என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

அதில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைகள் ஆறு இருந்தன. முந்தைய ஆண்டு என் கணவருக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று ஏற்பட்டபோது நாளுக்கு இரண்டு வீதம் ஏழு நாளைக்கு எழுதித் தந்தவை. எரிச்சல் நின்றதும் நான்காம் நாளோடு அவர் நிறுத்திவிட, மிஞ்சியவற்றை நான் எடுத்து வைத்திருந்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கூடவே காய்ச்சல் மாத்திரை. மூன்று நாட்களில் ஆறும் தீர்ந்தன. காய்ச்சல் மாத்திரை உள்ளே போன நேரம் சூடு தணியும், பிறகு ஏறும். அடிக்கடி கழிவறைக்குப் போனான். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கிருத்திகையன்று காலை மகனுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. கம்பளி இரண்டு போர்த்தியும் பற்கள் தந்தியடித்தன. மாமியார் என் முகத்தைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். 108க்குத் தொலைபேசி செய்தோம். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் தெருவெங்கும் காவடிக் கூட்டம். சைரன் ஒலி கேட்டதும் முன்னால் சென்றவர்களே பின்னால் வருவோரை ஒதுக்கி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூவியபடி இரு பக்கமும் நின்றார்கள். தோளில் காவடி சுமந்த முதியவர் ஒருவர், பாரத்தோடு சாக்கடை ஓரம்வரை நகர்ந்து நின்றதை நான் கண்ணாடி வழியே கண்டேன். அவர்கள் யார் எவரென்று எனக்குத் தெரியாது. இன்றளவும் அவர்களுக்காக துஆச் செய்கிறேன்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக் குழியில், மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே சீழ் கட்டியிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "காய்ச்சல் எத்தனை நாளாக? வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா?"

அருகில் கணவர் நின்றார். சகோதரிகளே, நான் பொய் சொன்னேன். "நேற்று ராத்திரியிலிருந்துதான். எதுவும் கொடுக்கலே" என்றேன்.

ஸ்கேனில் பார்த்தபடியே உள்ளே குழாய் செலுத்திச் சீழை வெளியேற்றினார்கள். ஒரு டம்ளர் அளவுக்கு வந்தது. அதில் சிறிது எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்றிரவு நான் உறங்கவில்லை. எந்த மருந்து உடலில் ஏற்கெனவே போயிருக்கிறது என்பது தெரியாமல் அந்த டாக்டர் என் பிள்ளைக்கு மருந்து தேர்ந்தெடுக்கப் போகிறார். நான் காத்தது எதை? என் பிள்ளையை அல்ல, என் மானத்தை. ஃபஜ்ருக்குப் பின் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வா, டாக்டரிடம் போய்ச் சொல்லுவோம்" என்று மட்டும் சொன்னார். இருவருமாகப் போய்ச் சொன்னோம்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். "இப்போதாவது சொன்னீர்களே. அந்த மாத்திரையால் சீழ் கட்டவில்லை அம்மா. ஆனால் அது சீழைக் கரைக்கவும் இல்லை. நோயை மூன்று நாள் மூடி வைத்தது, அவ்வளவுதான்" என்றார். சில நாட்களில் பரிசோதனை முடிவு வந்தது. சீழில் வளர்ந்தது ஈ.கோலை என்னும் குடற்கிருமி. நான் கொடுத்த மாத்திரைக்கு அது துளியும் அஞ்சாத கிருமி. அதாவது, அந்த ஆறு மாத்திரைகளும் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

சீழ் வெளியேறிய மறுநாளே காய்ச்சல் இறங்கியது. பரிசோதனையில் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்ததோ அந்த மருந்தை மட்டும் கொடுத்தார்கள். சீழ் எடுத்த நான்காம் நாளோடு அதையும் நிறுத்தினார்கள். இம்முறை "இன்னும் பத்து நாள்" என்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பிய பின், மருந்தியல் பட்டப்படிப்புப் படிக்கும் என் தங்கை மகள் எனக்குப் பலவற்றை எடுத்துச் சொன்னாள். அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

டாக்டரம்மா ஐந்து நாளில் நிறுத்தியது சிக்கனத்தால் அல்ல. நெதர்லாந்து நாட்டின் 15 மருத்துவமனைகளில், குடல்வால் வெடித்தோ அழுகியோ சீழ் கட்டியோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு நாள், மறு பிரிவுக்கு ஐந்து நாள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அறுவைக்குப் பின் மூன்று மாதங்களுக்குள் கிருமித் தொற்றுச் சிக்கலுக்கு உள்ளானோர் இரண்டு நாள் பிரிவில் 100க்கு 10 பேர். ஐந்து நாள் பிரிவில் 100க்கு 8 பேர். பெரிய வேறுபாடில்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். மருந்தின் பக்க விளைவுகளால் அவதியுற்றோரோ இரண்டு நாள் பிரிவில் 9 பேர், ஐந்து நாள் பிரிவில் 22 பேர். ஆனால் மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் இரண்டு நாள் பிரிவில் 12 பேர். மற்றதில் 6 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குச் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் கருவியால் அறுவை செய்தார்கள். வசதிகள் நிறைந்த நாடு அது. ஆகவே அந்தக் கணக்கை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்தலாகாது என்று அவர்களே எச்சரித்துள்ளார்கள். எங்கள் டாக்டரம்மா இரண்டு நாளில் நிறுத்தாமல் ஐந்து நாள் கொடுத்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சீழ் எடுத்தபின் நான்கே நாள் கொடுத்ததற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுத் தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற 518 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. தொற்றின் மூலத்தை அறுவையாலோ குழாயாலோ நீக்கியபின் ஏறத்தாழ நான்கு நாள் மருந்து பெற்றவர்களும் எட்டு நாள் பெற்றவர்களும் ஒரே அளவில்தான் சிக்கலுக்கு உள்ளானார்கள்: முறையே 21.8 விழுக்காடும் 22.3 விழுக்காடும். குறைவாகக் கொடுத்தாலும் நிறையக் கொடுத்தாலும் சிலருக்குச் சிக்கல் வரத்தான் செய்யும். வந்தால் உடனே கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது. நான் தவறியது அந்த இடத்தில்தான்.

இதற்கு ஓர் அரசரின் வரலாற்றையும் அவள் சொன்னாள். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு 1902ஆம் ஆண்டு ஜூன் 26இல் முடிசூட்டு விழா நடப்பதாக இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் குடல்வாலில் சீழ் கட்டி அவர் படுத்துவிட்டார். விழா தள்ளிப்போயிற்று. ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் என்னும் மருத்துவர் அரண்மனையிலேயே வயிற்றைக் கீறிச் சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்து, ஆகஸ்ட் 9இல் முடிசூடினார். அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலினைக் கண்டறிந்ததோ 1928இல். அதாவது, ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், சீழை நேரத்தோடு வெளியேற்றியதால் ஒருவர் பிழைத்தார். பென்சிலின் ஊசி போட்டும், வயிற்றைத் திறக்க ஆளில்லாததால் என் மாமியாரின் தம்பி மாண்டார். இதைச் சொன்னபோது மாமியார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியானால் மருந்தே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியன்று. வெடித்த குடல்வாலுக்கு அறுவையோடு மருந்தும் தேவை. அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமே என்பதுதான் இன்றைய கவலை. நாம் தேவையின்றி விழுங்கும் ஒவ்வோர் ஆன்டிபயாடிக்கும் குடலிலுள்ள எளிய கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவற்றை மிச்சம் வைக்கிறது. மிஞ்சியவை பெருகுகின்றன. வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றுகின்றன. பின்னொரு நாள் குடல்வால் வெடித்தால், வயிற்றுக்குள் கொட்டுவது அந்தக் கிருமிகள்தாம்.

ஃப்ளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதை எச்சரித்தார். தொண்டைப் புண்ணுக்குத் தானாகவே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்ளும் ஒரு கணவனையும், அவனிடமிருந்து தொற்றிய அடங்காத கிருமியால் இறந்துபோகும் மனைவியையும் அவர் கற்பனையாக வருணித்தார். உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இது எங்கோ நடப்பதன்று. நம் சென்னையிலேயே கண்டறியப்பட்டது. பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் ஆற்றல் கொண்ட கிருமிகளைப் பற்றி 2010இல் உலகையே உலுக்கிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அவர்கள் சென்னையிலேயே அத்தகைய கிருமி மாதிரிகள் 44 கண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், நாட்டின் மருத்துவ அமைப்புகள் பலவும் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்பாடின்றி விற்பதையும் உண்பதையும் தடுக்க ஓர் அறிக்கை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' எனப்படும் அதனை ஒருங்கிணைத்தவர், சென்னையில் பணியாற்றும் தொற்றுநோய் மருத்துவ நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர். 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலிருந்து, முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், எழுதிய டாக்டரின் பெயரையும் வாங்குபவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். ஏனைய ஆன்டிபயாடிக்குகளையும் சீட்டின்றி விற்கக் கூடாது. மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டின்றி அதனை உண்ணலாகாது என்று பொருள். என் டப்பாவிலிருந்த அட்டையிலும் அந்தக் கோடு இருந்தது. அதைக் கோலம்போல் பார்த்துவிட்டு மாத்திரையைப் பிதுக்கினேன்.

ஆகவே சகோதரிகளே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வயிற்று வலி தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால், மருந்துக்கடைக்கும் ஓம நீருக்கும் போகாமல் டாக்டரிடம் போங்கள். பேதி மருந்து கொடுக்காதீர்கள். வலி சட்டென்று நின்றால் இன்னும் விரைந்து போங்கள். அறுவைக்குப் பின் ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொன்ன நாளுக்கு முன் நிறுத்தவும் வேண்டாம். பின்னும் தொடர வேண்டாம். காய்ச்சல் திரும்பினால் அதை மாத்திரையால் மூடாதீர்கள். கொடுத்தது எதுவாயினும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரமலானில் நாம் செய்யும் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மூன்று வேளை மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலுமாக இரண்டு வேளையாக நாமே சுருக்கிக்கொள்கிறோம். நோயாளி நோன்பை விட்டு, நலமடைந்தபின் நோற்கலாம் என்ற சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. வேளையை மாற்றலாமா என்பதை டாக்டரிடமும், நோன்பைப் பற்றி ஆலிமிடமும் கேளுங்கள். இரண்டையும் நாமே முடிவு செய்ய வேண்டாம்.

இவ்வளவு எழுதும் நானும் குற்றவாளிதான். அந்த மூன்று நாட்களில் பழக்கடை நன்றாகத்தான் நடந்தது. அந்த லாபமும் அதற்கு மேலும் இரண்டாம் முறை மருத்துவமனை வாசத்தில் கரைந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் டாக்டரின் கேள்விக்கு நான் "இல்லை" என்றபோது, கட்டிலில் கிடந்த என் மகன் கண் விழித்து என்னைப் பார்த்தான். மாத்திரை உண்டவன் அவன். நான் பொய் சொல்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் தாயைக் காட்டிக்கொடுக்காமல் கண்களை மூடிக்கொண்டான். அந்தப் பார்வையை அல்லாஹ் மன்னிக்கும்வரை என்னால் மறக்க இயலாது.

இப்போது அவன் நலமாக இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான், மாலையில் கடையில் அத்தாவுக்கு உதவுகிறான். வீடு திரும்பிய அன்றே பிஸ்கட் டப்பாவை மாமியாரின் முன் கொண்டுவந்து வைத்தேன். அவர் ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்து ஒதுக்கினார். டப்பாவைக் கழுவித் துடைத்து வெயிலில் காய வைத்தோம். இப்போது அதில் ஏலக்காய் இருக்கிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் உங்களை அலமாரியைத் திறக்கச் சொன்னேன். திறக்காதவர்கள் இப்போதாவது திறந்து பாருங்கள். வஸ்ஸலாம்.